உறைமோரும் உரக்குழியும்: நுண்ணுயிர்களைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

கோத்தகிரியில் எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒரு டிசம்பர் காலையில், குப்பையை மக்க வைக்கும் நுண்ணுயிர்க் கரைசல் பாட்டிலோடு வந்தார். "தம்பி, இந்த மருந்தை ஊத்தி ரெண்டு மாசம் ஆச்சு. குப்பை அப்படியே கிடக்கு. ஏமாத்திட்டானா?"

போய்ப் பார்த்தேன். முட்டைக்கோஸின் வெளி இலைகளும் கேரட் தழையும் மழையில் ஊறி, சேறு மாதிரி படிந்து கிடந்தன. உயரம் ஒன்றரை அடிகூட இல்லை. குச்சியால் கிளறியதும் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. அந்த நிலையில் எந்தப் பாட்டிலை ஊற்றியிருந்தாலும் இதே கதைதான். பாட்டிலைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் 'மருந்து' என்ற சொல் மனதில் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் கடையிலிருந்து வாங்கித் தோட்டத்தில் தெளிக்கும் எல்லாமே மருந்துதான். இன்னும் சிலர் இதையே உரம் என்பார்கள். இரண்டுமே இந்தப் பாட்டிலுக்குப் பொருந்தாது. மருந்து நோயைத் தீர்ப்பது. உரம் பயிருக்குச் சாப்பாடு. பாட்டிலுக்குள் இருப்பவையோ உயிருள்ள ஜீவன்கள். அவற்றுக்கே சாப்பாடு வேண்டும், தண்ணீர் வேண்டும், குளிரில் விறைத்துப்போகாத இடம் வேண்டும். இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இட்லி மாவும் பாலும்

நீலகிரியில் குடித்தனம் நடத்தும் எல்லோருக்கும் ஒரு விஷயம் அத்துப்படி: இங்கே இட்லி மாவு சீக்கிரம் புளிக்காது. கீழே மேட்டுப்பாளையத்தில் ராத்திரி அரைத்து வைத்தால் விடியும்போது பாத்திரத்தை விட்டு வழியும். இங்கே அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, கம்பளி சுற்றி, மறுநாள் மதியம் வரை காத்திருக்க வேண்டும்.

மாவைப் புளிக்க வைப்பது யார்? கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உயிர்கள். அவற்றைத்தான் நுண்ணுயிர்கள் என்கிறோம். மாவில் வேலை செய்பவை பெரும்பாலும் பாக்டீரியாக்கள், அதாவது ஒரே செல்லால் ஆன நுண்ணுயிர்கள். அவற்றை நாம் கடையில் வாங்கிச் சேர்ப்பதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருப்பவைதான், ஈரமும் சூடும் கிடைத்ததும் பெருகுகின்றன. மலையில் மாவு புளிக்காததற்குக் காரணம் பாக்டீரியா இல்லாதது அல்ல, குளிர். பொதுவாக 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அவற்றின் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

பாலின் கதை வேறு. பாலைக் காய்ச்சும்போது அதில் இருந்த பெரும்பாலான நுண்ணுயிர்கள் செத்துவிடுகின்றன. சும்மா வைத்தால் அது நல்ல தயிராகாது. வேறு ஏதாவது புகுந்து கெட்டுப்போகும். அதனால் ஒரு கரண்டி உறைமோர் ஊற்றுகிறோம். வேண்டிய இனத்தை, வேண்டிய இடத்தில், நாமே கொண்டுபோய் வைக்கிறோம்.

நுண்ணுயிர்ப் பாட்டிலோ பாக்கெட்டோ எதுவானாலும் அது உறைமோர்தான். ஆகவே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என் தோட்டத்தில் இந்த இடம் மாவா, பாலா? குப்பைக் குவியல் மாவு. சாணத்திலும் காய்ந்த இலையிலும் மண்ணிலும் தேவையான கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மண்ணுக்குள்ளேயோ சில இடங்கள் பால் மாதிரி. அங்கே உறைமோர் இல்லாமல் காரியம் நடக்காது.

குவியலுக்குள் நடப்பது

ஒழுங்காகக் கட்டிய குவியலில் மூன்று கூட்டங்கள் மாறி மாறி வேலைக்கு வருகின்றன. முதலில் சாதாரணச் சூட்டில் வாழும் பாக்டீரியாக்கள். சர்க்கரை, மாவுச்சத்து போன்ற எளிதில் கரைவதை இவை தின்கின்றன. தின்னும்போது வெப்பம் வெளியேறும். நாம் சாப்பிட்டு உடம்பு சூடாவது போலத்தான். மூன்று நான்கு நாளில் நடுப்பகுதி 45 டிகிரியைத் தாண்டும். தாங்கள் மூட்டிய சூட்டிலேயே இவை பின்வாங்க, சூடு விரும்பும் இன்னொரு கூட்டம் வரும். குவியல் 55 முதல் 65 டிகிரி வரை போகும். நடுப்பகுதி மூன்று நாள் தொடர்ந்து 55 டிகிரியில் நின்றால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். 70-ஐத் தொட்டால் நல்லவையும் சாகத் தொடங்கும். அப்போது கிளறிவிட வேண்டும்.

சூடு தணிந்ததும் பூஞ்சைகள் வருகின்றன. ரொட்டியில் பூக்கிறதே, அந்தக் குடும்பம். மெல்லிய நூல்களாகப் பரவி, பாக்டீரியாவால் எளிதில் கடிக்க முடியாத நாரையும் மரத்தையும் இவைதான் உடைக்கும். கூடவே குவியலில் சாம்பல் தூவியது போல வெள்ளையாகத் தெரியும் ஒன்று உண்டு. பலர் பூஞ்சை என்று பயந்து அந்தப் பகுதியை எடுத்து எறிவதைப் பார்த்திருக்கிறேன். அது ஆக்டினோமைசீட்ஸ்: பூஞ்சை போல நூலாக வளரும் ஒரு பாக்டீரியா வகை. முதல் மழையில் எழும் மண்வாசம் இருக்கிறதே, அதில் பெரும்பங்கு இவை உண்டாக்கும் ஜியாஸ்மின் என்ற பொருளுடையது. உரம் தயாரா என்று மூக்கே சொல்லிவிடுவது இதனால்தான்.

சூடு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வெப்பமானி வேண்டாம். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால் சரி. ஜனவரி காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போது குவியல் மட்டும் ஆவி விடும். அதைப் பார்க்க எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: குப்பையை மக்க வைக்கும் கூட்டம் குப்பையோடேயே வருகிறது, சூட்டையும் அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. நம் வேலை அதற்கு இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்வது.

அக்காவின் குவியலில் என்ன தவறு?

முதல் தவறு சாப்பாடு. சோறும் குழம்பும் மாதிரி நுண்ணுயிருக்கு இரண்டு வேண்டும். கார்பன் சோறு. அது காய்ந்த இலை, வைக்கோல், மரத்தூள் எல்லாவற்றிலும் அதிகம். தழைச்சத்து என்று நாம் சொல்லும் நைட்ரஜன் குழம்பு. பச்சைத் தழை, சாணம், கோழி எரு ஆகியவற்றில் அதிகம். எடைக் கணக்கில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு இருந்தால் குவியல் நன்றாக வேகும். முட்டைக்கோஸ் இலை முழுக்கக் குழம்பு. அதிலும் கந்தகம் நிறைந்தது, அதனால்தான் அந்த நாற்றம். நடைமுறையில் நான் தராசு வைப்பதில்லை: பச்சை ஒரு கூடை, காய்ந்தது இரண்டு கூடை, இடையிடையே சாணக் கரைசல்.

காய்ந்ததுக்கு மலையில் பஞ்சமில்லை, ஆனால் எதை எடுப்பது என்று பார்க்க வேண்டும். தேயிலைக் கவாத்துக் குச்சிகளை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் காற்றோட்டத்துக்கும் உதவும். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை எண்ணெய்ப் பிசுக்குள்ளது, மெதுவாகத்தான் மக்கும். கொஞ்சமாகச் சேர்க்கலாம், அதை மட்டுமே போட்டுவிட்டு அடுத்த சித்திரையில் உரம் எதிர்பார்க்கக் கூடாது. பைன் ஊசியிலையும் அப்படித்தான்.

இரண்டாவது, உயரம். சின்னக் குவியல் மூட்டிய சூட்டைத் தக்கவைக்க முடியாது. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் குறைந்தது மூன்றடி வேண்டும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். இங்கெல்லாம் நான்கடி என்று வைத்துக்கொள்வது நல்லது. குவியலின் வெளிப்பகுதிதான் அதற்குக் கம்பளி.

மூன்றாவது, மழை. வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம்தான் கொட்டித் தீர்க்கும். திறந்து கிடக்கும் குவியலில் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பி, காற்று வெளியேறிவிடும். காற்றில்லாத இடத்தில் வேறொரு கூட்டம் கிளம்பும். அது அழுகல் கூட்டம். சூட்டை உண்டாக்காது, நாற்றத்தைத்தான் உண்டாக்கும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் காய்ந்த இலை சேர்த்துக் கிளறி, மேலே தார்ப்பாய் கட்டுங்கள். ஒன்றுமே வராமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

அன்று மதியமே அக்காவும் நானும் குவியலைப் பிரித்து, காய்ந்த சீகை (வாட்டில் மரம்) இலையையும் கவாத்துக் குச்சியையும் கலந்து மறுபடி கட்டினோம். புதிதாக எந்தக் கரைசலும் ஊற்றவில்லை. ஆறாம் நாள் கம்பி சுட்டது. அக்காவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். பாட்டிலுக்குக் கொடுத்த காசு நினைவுக்கு வந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வேர் தடித்து உருண்டையாக வீங்கும் கிளப் ரூட் நோய் கண்ட முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வேர்களைக் குவியலில் போடவே கூடாது. அதன் வித்துகள் மண்ணில் பத்து ஆண்டுக்கு மேலும் உறங்கிக் கிடக்கும். குவியலின் ஓரம் சூடாகாமல் விட்டால் அந்த உரமே நோயைத் தோட்டம் முழுக்கப் பரப்பிவிடும்.

அப்படியானால் கரைசல்கள் எதற்கு?

வீண் என்று சொல்லவில்லை. சாணம் கிடைக்காத இடத்தில், மரத்தூள், தென்னைநார்க் கழிவு போன்ற வறட்டுப் பொருளை மக்க வைக்கும்போது உறைமோர் உதவும், தொடக்கம் வேகமாகும். காசியாபாத்தில் உள்ள தேசிய இயற்கை வேளாண்மை மையம் 2015-ல் வெளியிட்ட 'வேஸ்ட் டீகம்போசர்' இதற்கு நல்ல உதாரணம். 20 ரூபாய்க்கு விற்ற சின்னப் பாட்டில் அது. 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லம் கரைத்து அதைச் சேர்த்தால் பெருகிவிடும். அதிலிருந்தே அடுத்த டிரம்முக்கும் எடுக்கலாம், உறைமோர் போலவே.

இன்னொன்று ஈ.எம். கரைசல். 'எஃபெக்டிவ் மைக்ரோஆர்கானிசம்ஸ்', அதாவது திறன்மிக்க நுண்ணுயிர்கள் என்பதன் சுருக்கம். ஜப்பானின் ஒகினாவாவில் ரியூக்யூ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980-களில் உருவாக்கியது. தயிரில் இருப்பது போன்ற லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளியைப் பயன்படுத்தி வாழும் பாக்டீரியா ஆகியவற்றின் கலவை. நம் ஊரில் பழம், பரங்கிக்காய், நாட்டுச்சர்க்கரை போட்டு ஊறவைக்கும் கரைசலையும் ஈ.எம். என்றே அழைக்கிறார்கள். அதில் எந்த இனம் எவ்வளவு என்பது அந்தந்த வாளியைப் பொறுத்தது.

ஈ.எம். விஷயத்தில் அதிகம் குழம்புவது இங்கேதான்: மூடிய வாளியில் சமையலறைக் கழிவோடு ஈ.எம். கலந்து காற்றுப் புகாமல் வைத்தால் அங்கே நடப்பது மக்குதல் அல்ல, ஊறுகாய் போடுவது. இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் தோல் தோலாகவே இருக்கும், புளித்த வாடை அடிக்கும். அது தோல்வி இல்லை. அதை மண்ணில் புதைத்த பிறகுதான் மக்கும். புளிக்க வைத்ததால் சீக்கிரம் மக்கும்.

எங்கள் ஊருக்கு இந்த வாளி முறை வேறொரு காரணத்துக்காகவும் பொருந்தும். கரடி. வெல்லமும் பழமும் போட்டு நான் முதன்முதலில் கலக்கிய டிரம்மைக் கட்டாமல் வெளியே விட்டிருந்தேன். காலையில் டிரம் சரிவில் உருண்டு கிடந்தது, மூடியில் நகக்கீறல். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து மீன் அமிலம் தயாரிக்கச் சொல்லி வீடியோ போடுபவர்கள் யாரும் கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் அதை வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே கரைசல் எதுவானாலும் பூட்டிய அறைக்குள்தான். அறைக்குள் இருந்தால் சூடும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். சமவெளியில் இரண்டு நாளில் தயாராகும் ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் கலந்த கரைசல்) போன்றவற்றுக்குக் குளிர்காலத்தில் கூடுதல் நாள் கொடுக்க வேண்டும்.

மண்ணுக்குள்: பாலும் உறைமோரும்

இப்போது பாக்கெட்டுக்கு வருவோம். கடையில் 'உயிர் உரம்' என்று விற்கும் நல்ல நுண்ணுயிர்ப் பாக்கெட்டில் ஒரு கிராமுக்குச் சுமார் 10 கோடி பாக்டீரியா இருக்கும். பெரிய எண் போலத் தெரியும். ஆனால் நல்ல மண்ணிலும் ஒரு கிராமில் அதே 10 கோடி, சில இடங்களில் 100 கோடிகூட இருக்கின்றன. ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண் மட்டும் பல லட்சம் கிலோ. அதில் இரண்டு பாக்கெட்டைத் தூவுவது குளத்தில் ஒரு கரண்டி மோர் ஊற்றுவதற்குச் சமம். ஆகவே எண்ணிக்கையை நம்பிப் பயனில்லை. விதையின் மேலும் வேரின் பக்கத்திலும் சேர்ப்பதுதான் முக்கியம். விதை நேர்த்தி, நாற்றை நனைத்து நடுவது என்றெல்லாம் சொல்வது இதற்காகத்தான்.

எந்த இடத்தில் மண் 'பால்' ஆகிறது? பீன்ஸும் பட்டாணியும் சரியான உதாரணம். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. ரைசோபியம் என்ற பாக்டீரியா வேரில் குடியேறி, முடிச்சு போட்டு, அந்த நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கிறது. 1888-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த பெயரிங்க் இதைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். ஆனால் இந்த உறவில் ஜாதகப் பொருத்தம் கறாராகப் பார்க்கப்படும். பட்டாணிக்கு ஏற்ற ரைசோபியம் பீன்ஸுக்கு ஆகாது. நிலக்கடலைக்கான பாக்கெட் இரண்டுக்குமே ஆகாது. பாக்கெட்டில் எந்தப் பயிருக்கு என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கினால் காசு போச்சு.

பொருந்தியதா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. பூக்கும் நேரத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

இரண்டாவது உதாரணம் வேர்ப்பூஞ்சை. கடையில் 'வாம்' என்று கேட்டால் கிடைக்கும். இது செடியின் வேருக்குள் ஒரு பாதியும் மண்ணில் ஒரு பாதியுமாக வாழும் பூஞ்சை. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் நகராமல் ஒரே இடத்தில் கிடக்கும் சத்து. வேர் தன்னைச் சுற்றி இருப்பதை எடுத்துத் தீர்த்த பிறகு, எட்டாத தூரத்துக்கு இந்தப் பூஞ்சையின் நூல் போய் எடுத்து வருகிறது. நம் மலை மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதிகம். அவை மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் இங்கே இதன் அருமை கூடுதல்.

ஆனால் எல்லாப் பயிருக்கும் இல்லை. கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு, பீன்ஸ், தேயிலை ஆகியவை இந்தப் பூஞ்சையோடு சேரும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, பீட்ரூட் சேராது. அவற்றின் வேர் இதற்குக் கதவைத் திறப்பதே இல்லை. கோஸ் நாற்றுக்கு வாம் வாங்கிப் போடுபவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். ஏன் என்று கேட்டால், போன வருடம் பூண்டுக்குப் போட்டு நன்றாக வந்தது என்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தடை: புளிப்பு. மண்ணின் புளிப்பை அளக்கும் எண் பி.எச். எனப்படும். 7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு அதிகம். மழை கழுவிக் கழுவி நீலகிரியின் பல தோட்டங்களில் இது 5 பக்கம்தான் நிற்கிறது. தேயிலைக்கு அது பிடிக்கும். ரைசோபியத்துக்குப் பிடிக்காது, 5.5-க்குக் கீழே சோர்ந்துபோகும். மண் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டு, அப்புறம் பாக்கெட் வாங்குவதுதான் முறை. பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சுருக்கமாக: மண்ணில் குறிப்பிட்ட பயிருக்குக் குறிப்பிட்ட இனம், வேரின் பக்கத்தில், புளிப்பைச் சரிசெய்த பிறகு. கூடவே மக்கிய உரம் இருக்க வேண்டும். வேரை விட்டுத் தள்ளி வாழ்பவற்றுக்கு அதுதான் அன்றாடச் சாப்பாடு.

ஒரே வாரத்தில் வளர்ப்பதும் கொல்வதும்

டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சை, வேரழுகலை உண்டாக்கும் மற்றப் பூஞ்சைகளைச் சுற்றி வளைத்துத் தின்னும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் கலப்பார்கள். நல்ல காவல்காரன்தான், ஆனால் அதுவும் பூஞ்சை. உருளைக்கிழங்கின் இலைக் கருகலுக்கும் தேயிலையின் கொப்புள நோய்க்கும் அடிக்கும் பூஞ்சைக்கொல்லிகளுக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்ற பேதம் தெரியாது. இரண்டையும் ஒரே டேங்கில் கலந்து வேலையை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் ஒன்றை இன்னொன்றால் கொல்கிறார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள். பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குங்கள். பொடியாக வருவது பொதுவாக ஆறு மாதம்தான் தாங்கும். வாங்கி வரும் வழியில் வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் அதை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

அக்கா இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். புதிதாக எதையாவது வாங்கினால் பீன்ஸ் பாத்தியில் இரண்டு வரிசைக்கு மட்டும் போடுகிறார். பக்கத்து இரண்டு வரிசைக்கு உரக்குழி எரு மட்டும். வரிசையின் தலைப்பில் ஒரு குச்சி நட்டு, எது எது என்று துணி கட்டி வைக்கிறார். போன தடவை ரைசோபியம் போட்ட வரிசையில் முடிச்சு சிவப்பாகவும், போடாத வரிசையில் ஒன்றிரண்டு வெளுத்தும் இருந்தன. அதற்கு முந்தைய தடவை வேறொரு கரைசலில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. "அது மாவுக்கு ஊத்தின மோர், தம்பி," என்று சொல்லி, மீதிப் பாட்டிலை எனக்கே கொடுத்துவிட்டார். அலமாரியில் இருக்கிறது.